வீட்டு விளக்குகள் திடீரென அணைந்தால் காரணம் கண்டறியும் முறை

வீட்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கு திடீரென அணைந்துபோவது எல்லோரும் கண்ட அனுபவம். பல்பு பழுதாகியிருக்கலாம். சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். பியூஸ் உருகியிருக்கலாம். தெரு முழுவதற்குமே மின்சாரம் நின்றிருக்கலாம். இவற்றில் எது காரணம் என்பதை வரிசையாகச் சோதித்து அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாக உள்ள மின்னிணைப்பு முறையே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகாது. "லைட்தான் எரியவில்லையே" என்று எண்ணி ஹோல்டரில் கை வைப்பவர் உயிரையே இழக்க நேரலாம். ஆகவே எதை நாமே பார்க்கலாம், எதை வயர்மேனிடம் விட வேண்டும் என்பதும் இங்கு ஒவ்வோர் இடத்திலும் சொல்லப்படுகிறது.

வீட்டு மின்சுற்றின் அமைப்பு

நம் வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் வழங்கப்படுகிறது. ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்குக் கம்பத்திலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று மின்னழுத்தம் உள்ள ஃபேஸ். மற்றது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல். மும்முனை இணைப்புள்ள வீட்டுக்கு மூன்று ஃபேஸ்களும் ஒரு நியூட்ரலுமாக நான்கு கம்பிகள் வரும். எர்த் எனப்படும் நிலக்கம்பி வீட்டருகே மண்ணில் புதைத்த குழாயிலிருந்தோ தகட்டிலிருந்தோ வருகிறது.

மின்சாரம் வீட்டுக்குள் வரும் வழி இதுதான்: கம்பம், மீட்டருக்கு முன்னுள்ள மின்வாரியத்தின் பியூஸ், மீட்டர், மெயின் சுவிட்ச், பிரிப்புப் பெட்டி, அறையின் சுவிட்ச் போர்டு, கடைசியாக விளக்கின் ஹோல்டர். பழைய வீடுகளில் மெயின் சுவிட்சோடு பீங்கான் பியூஸ் கட்டைகள் இருக்கும். புதிய வீடுகளில் பியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. என்னும் சிறு தானியங்கி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். நாம் டிரிப்பர் என்று சொல்வது இவற்றைத்தான். இவற்றோடு மின்கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் இருக்க வேண்டும்.

விளக்கு எரிய வேண்டுமானால் ஃபேஸில் புறப்படும் மின்னோட்டம் சுவிட்ச் வழியாக விளக்கை அடைந்து நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று எந்த இடத்தில் அறுந்தாலும் விளக்கு அணையும். ஃபேஸ் அறுந்தாலும் அணையும், நியூட்ரல் அறுந்தாலும் அணையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நியூட்ரல் அறுந்திருந்தால் விளக்கின் ஹோல்டர் வரை ஃபேஸ் மின்னழுத்தம் அப்படியே நிற்கும்.

இருண்டாலும் மின்சாரம் இருக்கும் இடங்கள்

விளக்கு எரியாதபோதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கக்கூடிய சூழல்கள் வருமாறு:

1. பல்பு மட்டும் பழுதாகி, சுவிட்ச் போட்டபடியே இருத்தல்.
2. நியூட்ரல் கம்பி அறுந்திருத்தல், அல்லது பழைய மெயின் சுவிட்சில் நியூட்ரல் பக்கமும் பியூஸ் வைத்து அது உருகியிருத்தல்.
3. வயரிங் செய்தபோது சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் தவறாக நியூட்ரலில் வைத்திருத்தல். இத்தகைய வீட்டில் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும்.
4. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் வந்துகொண்டிருத்தல்.

9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 0.04 ஆம்பியர், அதாவது 40 மில்லிஆம்பியர் வருகிறது. மனிதரைக் காப்பதற்காக வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அணையும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் உடலில் பாய்ந்தால் இதயத்தின் இயக்கம் குலைந்துபோகக்கூடும். ஒரு சிறு பல்பை எரிக்கும் மின்னோட்டமே ஆளைக் கொல்லப் போதுமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே பல்பைக் கழற்றுவது தவிர வேறு எதைத் தொடுவதானாலும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் வெளியீட்டையும் அணைக்க வேண்டும். பிறகு டெஸ்டரால் சோதிக்க வேண்டும். டெஸ்டரையும் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து அது ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதான டெஸ்டர் எரியாமல் இருப்பதைக் கண்டு மின்சாரம் இல்லை என்று முடிவு செய்தால் ஆபத்து. ஈரக் கை, ஈரத் தரை, இரும்பு ஏணி ஆகிய மூன்றும் கூடாது. காலில் உலர்ந்த ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். மர ஸ்டூல் நல்லது.

முதல் கேள்வி: எவ்வளவு இடம் இருண்டிருக்கிறது?

விளக்கு அணைந்ததும் ஸ்டூலைத் தேடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்க வேண்டும். அதே அறையில் மின்விசிறி சுற்றுகிறதா? அடுத்த அறையில் விளக்கு எரிகிறதா? பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தாலே பழுது எங்கே என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் பழுது பல்பு, ஹோல்டர், சுவிட்ச் ஆகியவற்றில் இருக்கும். ஒரு போர்டில் உள்ள எல்லாமே நின்றிருந்தால் அந்தப் போர்டுக்கு வரும் கம்பியில் பழுது இருக்கும். இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து இருண்டிருந்தால் அவற்றுக்குரிய டிரிப்பர் அல்லது பியூஸைப் பார்க்க வேண்டும். வீடு முழுவதும் இருண்டு பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருந்தால் ஆர்.சி.சி.பி., மெயின் சுவிட்ச், மின்வாரியத்தின் பியூஸ், கம்பத்திலிருந்து வரும் கம்பி ஆகியவற்றில் ஒன்று காரணம். தெருவே இருண்டிருந்தால் நாம் செய்ய வேண்டியது காத்திருப்பதே.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால்

எல்.இ.டி. பல்பு: சுவிட்சை அணைத்துப் பல்பைக் கழற்றி, நன்றாக எரியும் வேறொரு விளக்கின் ஹோல்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் எரியாவிட்டால் பல்புதான் பழுது. அங்கே எரிந்தால் பல்பு நல்லது. ஹோல்டரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பலர் புதிய பல்பு வாங்கி வந்து ஏமாறுகிறார்கள்.

எல்.இ.டி. பல்பினுள் பல சிறு ஒளி உமிழ் டையோடுகள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று கருகினாலும் தொடர் அறுந்து பல்பு முழுவதும் அணையும். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றித் தரும் டிரைவர் என்னும் சிறு சுற்றுப் பலகையும் கெடலாம். காற்றோட்டமில்லாத மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டிய பல்புகள் வெப்பத்தால் சீக்கிரம் கெடுகின்றன. கருகிய டையோடை ஈயத்தால் இணைத்துப் பல்பை மறுபடி எரியவைக்கும் வித்தையைச் சில மாணவர்கள் செய்து பார்க்கிறார்கள். விலை குறைந்த பல்புகள் பலவற்றில் உள்ளிருக்கும் சுற்று 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மூடியைக் கழற்றிய நிலையில் அதை எரியவிட்டால் எந்த இடத்தில் கை பட்டாலும் அதிர்ச்சி அடிக்கும். மீதமுள்ள டையோடுகளும் கூடுதல் சுமையால் விரைவில் கருகும். இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

டியூப்லைட்: பல வீடுகளில் சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப்லைட்டுகள் இன்னும் இருக்கின்றன. இதன் பழுதை எரியும் விதத்தை வைத்தே அறியலாம்.

முனைகள் மட்டும் சிவந்து ஒளிர்ந்து நடுப்பகுதி எரியாவிட்டால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டுள்ளது என்று பொருள். ஸ்டார்ட்டரை மாற்றினால் சரியாகும். முனைகள் கறுத்து, விட்டுவிட்டு மின்னினால் டியூப் தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கிறது. மின்னழுத்தம் குறைவாக வரும் நேரத்திலும் டியூப் இவ்வாறு மின்னும்; அப்போது மின்விசிறியும் மெதுவாகச் சுற்றுவதைக் காணலாம். எந்த அசைவும் இல்லாவிட்டால், சுவிட்சை அணைத்துவிட்டு டியூபை மெல்லத் திருப்பி அதன் ஊசிகள் பிடிப்பில் சரியாக உட்காரச் செய்து பார்க்கலாம். அதன் பின்னும் எரியாவிட்டால் ஸ்டார்ட்டர், டியூப் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில்தான் சோக்கைச் சந்தேகிக்க வேண்டும். சோக்கில் கருகிய வாடையோ ஒழுகிய தாரோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டியான அட்டையால் சில்லுகளைச் சேர்த்து எடுத்து ஈரத்தாளால் துடைக்க வேண்டும்.

ஹோல்டர்: நம் வீடுகளில் பெரும்பாலும் பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும் ஹோல்டர்களே உள்ளன. அதனுள் இரண்டு வில் ஊசிகள் இருக்கும். அவை பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டுகளை அழுத்த வேண்டும். துருப்பிடித்து ஊசி உள்ளேயே சிக்கிக்கொண்டால் பல்பு எரியாது. தட்டினால் எரியும், பிறகு அணையும். குண்டு பல்பு காலத்து ஹோல்டர்கள் சூட்டில் பொரிந்து, தொட்டாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். அவற்றை மாற்றிவிட வேண்டும். ஊசியைக் கத்தியாலோ திருப்புளியாலோ நெம்பிப் பார்ப்பது கூடாது. முன்பு சொன்ன நியூட்ரல் சுவிட்ச் உள்ள வீடானால், சுவிட்சை அணைத்திருந்தாலும் அந்த ஊசியில் 230 வோல்ட் இருக்கும்.

சுவிட்ச்: போடும்போது "கிர்" என்ற ஒலி வருதல், மேற்பரப்பு சூடாதல், கருகிய வாடை, பழுப்பு நிறம், அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிதல் ஆகியவை சுவிட்சின் உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டதன் அடையாளங்கள். தேய்ந்த முனைகளுக்கிடையே சிறு தீப்பொறி தாவிக்கொண்டேயிருக்கும். அத்தகைய சுவிட்சைப் பயன்படுத்தாமல் நிறுத்தி, வயர்மேனைக் கொண்டு மாற்ற வேண்டும்.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருவழிச் சுவிட்சுகள் இருக்கும். ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட ஒரு நிலையில் இருந்தால் மட்டுமே மற்றது வேலை செய்கிறது என்றால், ஏதோ ஒரு சுவிட்சின் ஒரு முனையோ இரண்டுக்கும் இடையே ஓடும் இரு கம்பிகளில் ஒன்றோ விட்டுப்போயிருக்கிறது. பல்பில் குறை இல்லை.

சில அறைகள் மட்டும் இருண்டால்

பிரிப்புப் பெட்டியைத் திறந்து டிரிப்பர்களின் நெம்புகோல்களைப் பார்க்க வேண்டும். மற்றவை மேலே இருக்க, ஒன்று மட்டும் கீழே விழுந்திருக்கும். அதுதான் இருண்ட பகுதிக்குரியது. அதை உடனே தூக்கிவிடத் தோன்றும். ஆனால் அது ஏன் விழுந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

டிரிப்பர் இரண்டு காரணங்களால் விழுகிறது. ஒன்று மிகைச்சுமை. விளக்குச் சுற்றுக்கு வழக்கமாக 6 அல்லது 10 ஆம்பியர் டிரிப்பர் வைக்கப்படும். 2000 வாட் நீர் சூடேற்றி 8.7 ஆம்பியரும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியரும் எடுக்கும். இரண்டையும் ஒரே விளக்குச் சுற்றில் இணைத்தால் 13 ஆம்பியர் ஓடும். டிரிப்பருக்குள் உள்ள ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து சுற்றை முறிக்கும். சூடாக நேரம் வேண்டும் என்பதால் இது உடனே விழாமல் சற்றுக் கழித்தே விழும்.

மற்றது குறுக்குச்சுற்று. பேச்சுவழக்கில் ஷார்ட் என்கிறோம். ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் பலமடங்கு பாயும். அப்போது டிரிப்பருக்குள் உள்ள மின்காந்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றை முறிக்கும்.

ஆகவே டிரிப்பர் விழும் வேகமே காரணத்தைச் சொல்லிவிடும். சோதிக்கும் முறை இது:

1. அந்தப் பகுதியில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைக்கவும். பிளக்குகளைக் கழற்றவும்.
2. இரண்டு நிமிடம் டிரிப்பர் ஆற விடவும்.
3. நெம்புகோலை முழுவதும் கீழே தள்ளிப் பிறகு மேலே தூக்கவும்.
4. எல்லாம் அணைந்த நிலையிலும் உடனே விழுந்தால் சுவருக்குள் ஓடும் கம்பியில் பழுது. மறுபடி தூக்காமல் வயர்மேனை அழைக்கவும்.
5. நின்றால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடவும். எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் பழுது. அதை அணைத்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம்.

பியூஸ் உள்ள வீடுகளில் மெயினை அணைத்த பின் பியூஸ் கட்டையை எடுத்துப் பார்த்தால் கம்பி உருகியிருப்பது தெரியும். இங்குதான் பலரும் பெருந்தவறு செய்கிறார்கள். அடிக்கடி பியூஸ் போகிறதே என்று வயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை உருவி முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அதன்பின் பியூஸ் போகாது. பியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி உருகும்.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஜூல் விதியைப் பள்ளியில் படிக்கிறோம். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கம்பியின் உறை இளகித் தீப்பிடிப்பது இப்படித்தான். 6 ஆம்பியர் டிரிப்பர் அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியர் டிரிப்பரை மாற்றிப் போடுவதும் இதே தவறுதான். டிரிப்பரின் அளவு அதன் பின்னால் ஓடும் கம்பியின் தடிமனைப் பொறுத்தே அமைய வேண்டும். கம்பியை மாற்றாமல் டிரிப்பரை மட்டும் பெரிதாக்கினால் பாதுகாப்புப் போய்விடும்.

டிரிப்பர் விழாமலேயே ஒரு போர்டு முழுவதும் நின்றிருந்தால், அந்தப் போர்டுக்குள் ஒரு திருகு தளர்ந்து ஃபேஸோ நியூட்ரலோ விட்டுப்போயிருக்கும். பழைய வீடுகளின் அலுமினியக் கம்பிகளில் இது அதிகம். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுத்து இணைப்பைச் சூடாக்கி மேலும் தளர்த்திவிடும். இதுவும் வயர்மேன் பார்க்க வேண்டிய வேலை.

ஆர்.சி.சி.பி. விழுந்தால்

ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். குறைவாகத் திரும்பினால் மீதி வேறெங்கோ கசிகிறது என்று பொருள். ஈரச் சுவர் வழியாகவோ, ஒரு மனிதரின் உடல் வழியாகவோ அது நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கண்டதும் ஆர்.சி.சி.பி. மின்சாரத்தைத் துண்டிக்கும். பல வீடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருப்பதால் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணையும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அடிக்கடி நேரும். வாசல் கேட் விளக்கு, மொட்டைமாடி விளக்கு, தோட்டத்து மோட்டார் ஆகியவற்றில் நீர் புகுந்திருக்கும். வெளிச்சுற்றுகளுக்குரிய டிரிப்பர்களை இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே போட்டுப் பார்க்க வேண்டும். நின்றால் கசிவு வெளியேதான். அப்படியும் நிற்காவிட்டால் எல்லா டிரிப்பர்களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யைப் போட்டு, டிரிப்பர்களை ஒவ்வொன்றாக ஏற்றி வந்தால் கசிவுள்ள சுற்று தெரியும். சில கசிவுகளில் நியூட்ரல் கம்பி ஈரச் சுவரைத் தொட்டிருக்கும். டிரிப்பர் ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால், எல்லாவற்றையும் இறக்கியும் ஆர்.சி.சி.பி. விழக்கூடும். அப்போது மேலும் முயலாமல் வயர்மேனை அழைக்க வேண்டும்.

"மழை வந்தால் இது விழுந்துகொண்டே இருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று கேட்டு ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. ஈரத் துணியைக் கொடியில் போடுபவரையும், கேட்டைத் திறக்கும் குழந்தையையும் காப்பது அந்தக் கருவிதான். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் தொட்டுவிட்டால் ஆர்.சி.சி.பி.க்கு அது கசிவாகத் தெரியாது; அவரை அது காப்பாற்றாது. எனவே அது இருக்கிறது என்ற துணிவில் கம்பியைத் தொடக் கூடாது.

வீடு முழுவதும் இருண்டால்

ஆர்.சி.சி.பி.யும் டிரிப்பர்களும் மேலேயே இருக்கின்றன, பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, நம் வீட்டில் மட்டும் ஒன்றும் இல்லை என்றால் பழுது மெயினுக்கு முன்னால் இருக்கலாம். ஒரு பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒளிராவிட்டால் ஃபேஸ் வரவில்லை. இரண்டிலும் ஒளிர்ந்தால் நியூட்ரல் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் சுவிட்ச் போட்டு வைத்த ஏதோ ஒரு கருவி வழியாக ஃபேஸின் அழுத்தம் நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடுவதால் இப்படி ஆகிறது. விளக்கு ஒன்றும் எரியாத வீட்டில், இயல்பாகத் தொட்டால் அடிக்காத நியூட்ரல் கம்பியும் இப்போது அடிக்கும்.

இந்நிலையில் சிலர் நியூட்ரலுக்குப் பதிலாக எர்த் கம்பியை இணைத்து விளக்கை எரியவிடுவார்கள். இது மிகப் பெரிய ஆபத்து. குளிர்பதனப் பெட்டி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடல்கள் எல்லாம் அந்த எர்த்தோடு இணைந்துள்ளன. எர்த் இணைப்பு சற்றுப் பழுதாக இருந்தாலும் அவை அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும்.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் நின்றால் அதற்குரிய அறைகள் மட்டும் இருளும். ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அவ்வறைகளை வேறு ஃபேஸுக்கு மாற்றலாம். மாற்றும் முன் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளை அணைத்துவிட வேண்டும்.

மும்முனை இணைப்பில் பொது நியூட்ரல் அறுந்தால் நிலைமை வேறு. சில அறைகளில் விளக்கு மங்கும்; சிலவற்றில் அளவுக்கு மீறிப் பளிச்சென எரியும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள சுமார் 400 வோல்ட், இரு பகுதிகளிலும் உள்ள கருவிகளுக்கு ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படுவதே காரணம். குறைந்த சுமையுள்ள பகுதிக்கு அதிக அழுத்தம் போகும். தொலைக்காட்சியும் பல்புகளும் எரிந்துபோகும். ஓர் அறையில் பளிச்சென்றும் மற்றோர் அறையில் மங்கலாகவும் விளக்குகள் எரிவதைக் கண்டால், காரணம் தேடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

மீட்டருக்கு முன்னுள்ள பியூஸ், மீட்டரின் முத்திரை, கம்பம் ஆகிய மூன்றும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றை நாமோ நாம் அழைக்கும் வயர்மேனோ தொடக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம். மின்கட்டண அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருந்தால் வேலை விரைவில் முடியும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடு

இன்வெர்ட்டர் இணைத்த விளக்குகள் மட்டும் எரியாமல், இணைக்காத குளிர்பதனப் பெட்டி முதலியவை ஓடினால் பழுது இன்வெர்ட்டரில் இருக்கலாம். அதன் பின்புறத்தில் உள்ள பியூஸ் அல்லது மறுபடி அழுத்தும் பொத்தானைப் பார்க்க வேண்டும். மின்தடை வந்ததும் சில நிமிடங்களில் விளக்குகள் அணைந்தால் மின்கலம் வலுவிழந்துள்ளது. நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மின்கலத்தருகே தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மின்னேற்றம் நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

அணைத்த பின்னும் மங்கலாக ஒளிரும் விளக்கு

சுவிட்சை அணைத்த பின்னும் எல்.இ.டி. பல்பு இருட்டில் மினுக்மினுக்கென ஒளிர்வதைச் சிலர் காண்பார்கள். எல்.இ.டி. மிகச் சிறு மின்னோட்டத்திலும் ஒளிரக்கூடியது. சுவிட்சில் உள்ள சிறு அடையாள விளக்கு வழியாகவோ, பக்கத்தில் ஓடும் கம்பியின் தூண்டலாலோ அந்தச் சிறு மின்னோட்டம் கிடைக்கலாம். அதனால் ஆபத்தில்லை. ஆனால் சுவிட்ச் நியூட்ரலில் வைக்கப்பட்டிருந்தாலும் இதே போல ஒளிரும். எனவே இதைக் கண்டால் ஒருமுறை வயர்மேனைக் கொண்டு சோதித்துக்கொள்வது நல்லது. தவறான வயரிங்கைப் பல்பே காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு இது.

நாம் செய்யக்கூடியதும் கூடாததும்

பல்பு, டியூப், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை மாற்றுவது, டிரிப்பரையும் ஆர்.சி.சி.பி.யையும் மேற்சொன்ன முறையில் சோதிப்பது, மெயினை அணைத்துச் சரியான அளவுள்ள பியூஸ் கம்பி கட்டுவது ஆகியவற்றைப் பெரியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பள்ளி மாணவர்கள் பார்த்துக் கற்கலாம். தனியாகச் செய்யக் கூடாது. சுவிட்ச் போர்டைத் திறப்பது, ஹோல்டரை மாற்றுவது, கம்பிகளை இணைப்பது ஆகியவை வயர்மேனுக்குரியவை. தமிழ்நாட்டில் இதற்கெனத் தகுதிகாண் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. அச்சான்று பெற்றவரையே அழைக்க வேண்டும்.

கருகிய வாடை, போர்டில் சூடு, தீப்பொறி, குழாயையோ சுவரையோ தொட்டால் சுரீரென்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனைகளைக் கைவிட்டு மெயினை அணைத்துவிட வேண்டும்.

யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரை நேரடியாகத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்கி, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் மருத்துவ உதவி வரும்வரை மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடர வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னேற்பாடாக ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டால் போதும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே டிரிப்பர்களை ஒவ்வொன்றாக இறக்கி, எந்த டிரிப்பர் எந்த அறைக்குரியது என்று பார்த்து, ஒரு சீட்டில் எழுதிப் பிரிப்புப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கலாம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பகலில் தனியாக இருக்கும் பாட்டி, தாத்தாவுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு டார்ச் விளக்கை மெயினுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைக்கவும்.